கார்லோ ஸ்டவுட், சத்துவாச்சாரி மொட்டைமாடி

ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரில் முதல் பாட்டிலை நான்தான் கெடுத்தேன். கத்திரி வெயில், ராத்திரி எட்டு மணிக்கும் மொட்டைமாடித் தரையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை, பீர் என்றால் பல் கூச வேண்டும் என்று பழகிய உடம்பு வேறு. மச்சான் தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். ஊற்றிக் குடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஜில்லென்று, கறுப்பாக, லேசாகக் கசக்கிற தண்ணீர். இதையா லுங்கிக்குள் சுற்றி அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தான்?

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி இல்லாமல் இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதால் 500 மில்லி பாட்டில் சரியாக நான்கு. எல்லாருக்கும் தெரிந்த கின்னஸ் வேண்டாம், அங்கே ஊர்க்காரர்கள் குடிக்கிற சின்ன கம்பெனி சரக்கு பார் மாமா என்று ஓ'ஹாராஸ் வாங்கி வந்திருந்தான். இரண்டு சாதா ஐரிஷ் ஸ்டவுட், ஆல்கஹால் 4.3 சதவீதம். இரண்டு லியன் ஃபொலான் என்று ஐரிஷ் மொழியில் பேர் போட்டது, 6 சதவீதம். அந்தப் பேருக்கு அர்த்தம் உடம்புக்கு நல்ல பீர் என்பதாம். கார்லோ என்கிற மாவட்டத்தில் 1996-இல் ஆரம்பித்த கம்பெனி, இப்போது காய்ச்சுவது பேகனல்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில், பேரோ ஆறு ஓடுகிற ஊர். ஆறு ஓடுகிறது என்று அவன் சொன்னபோது பாலாற்றுப் பாலத்தில் தினமும் மணலைப் பார்த்துக்கொண்டு போகிற எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

இரண்டாவது பாட்டிலை அவன் கையில் விட்டுவிட்டேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து, பதினைந்து நிமிஷம் வெளியே வைத்து (வேலூர் மே மாதத்துக்கு அதுவே அதிகம்), எவர்சில்வர் டம்ளர் கூடாது என்று கண்ணாடி டம்ளர் தேடி எடுத்து, சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றினான். மேலே டபராவில் ஆற்றிய காபி நுரை மாதிரி பழுப்பாக ஒரு விரல் உயரம் நின்றது. கின்னஸ் டின்னுக்குள் நைட்ரஜன் நிரப்பிய குட்டி பிளாஸ்டிக் உருண்டை ஒன்று இருக்கும், அந்த வெண்ணெய் மாதிரி நுரை அதனால் வருவது. இதில் அந்த வித்தை இல்லை, அதனால் நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறது, நாக்கில் சுருக்கென்று கொஞ்சம் காஸும் தெரிகிறது. எனக்கு அது பிடித்தது.

மூக்கருகே கொண்டுபோனதும் ஞாபகம் வந்தது மாவு மில். சத்துமாவுக்கு வறுத்த கேழ்வரகை மெஷினில் கொட்டும்போது வருமே, அந்த வாசனை. காரணம் எளிது, ஐரிஷ் ஸ்டவுட்டுக்குக் கறுப்பு நிறமும் கசப்பும் கொடுப்பது முளைகட்டாமல் அப்படியே கருக வறுத்த பார்லிதான். ஒரு வாய் குடித்தால் முதலில் மெல்லிசாகக் கருப்பட்டி, உடனே சிக்கரி தூக்கலான சர்க்கரை போடாத காபி, விழுங்கின பிறகு நாக்கு வறண்டு இன்னொரு வாய் கேட்கிறது. ஃப்ரீசரில் செத்துப்போனது இதெல்லாம்தான்.

அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்துவிட்டாள். டம்ளரைப் பார்த்து, “என்ன தம்பி, கஷாயமா?” என்றாள். “பார்லித் தண்ணி அத்தை” என்றான் அவன், முகத்தை மாற்றாமல். உடம்புச் சூட்டுக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

சைடிஷ் விஷயத்தில் ஒரு தப்பு, ஒரு லாபம். ஆம்பூர் பிரியாணி வாங்கி வைத்திருந்தேன், கூட வந்த கத்திரிக்காய்த் தொக்கின் புளிப்பும் இந்தக் கசப்பும் சண்டை போட்டுக்கொண்டன. அங்கே இதற்குச் சிப்பி தின்பார்களாம். சிப்பிக்கு வேலூரில் எங்கே போவது? வீட்டில் இருந்த நெத்திலிக் கருவாட்டை வறுத்துக் கொண்டுவந்தேன், அந்த உப்புக்கு ஸ்டவுட் அப்படி ஒரு ஜோடி.

லியன் ஃபொலான் கனமானது, சாக்லேட் வாசனை, அடியில் கொஞ்சம் இனிப்பு. ஆற்காடு மக்கன் பேடாவைக் கடித்துவிட்டு இதைக் குடித்தால் ஸ்வீட், காரம், காபி கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் மார்கழியில் குடிக்க வேண்டிய சரக்கு. இந்தப் புழுக்கத்தில் அரை டம்ளருக்கு மேல் இறங்கவில்லை.

நடுவில், நமக்கும் அயர்லாந்துக்கும் என்ன மாமா சம்பந்தம் என்றான். 1806 ஜூலை 10-ஆம் தேதி, கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்ததும் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கிய அதிகாரி கில்லெஸ்பி, கோம்பர் என்ற ஐரிஷ் ஊரில் பிறந்தவன், அரண்மனைக்குள் ஒளிந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுடவைத்தவன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கருவாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினான்.

மார்க் போடச் சொன்னால் சாதா ஸ்டவுட்டுக்கு ஐந்துக்கு நாலு, லியன் ஃபொலானுக்கு மூன்றரை, ஃப்ரீசரில் போட்ட எனக்கு முட்டை. டாஸ்மாக்கில் ஸ்ட்ராங் இருக்கா என்றே கேட்டுப் பழகிய எனக்கு, 4.3-இல் இவ்வளவு ருசி இருக்கும் என்பது இத்தனை வயதுக்கு அப்புறம்தான் தெரிகிறது. அடுத்த தடவை நாலும் சாதாவாகவே கொண்டுவா என்று சொல்லிவிட்டேன். மிச்சமிருக்கிற ஒரு லியன் ஃபொலான் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நிற்கிறது, மார்கழிக்கு இன்னும் ஏழு மாதம்.