“எல்லாம் நீங்களே மாத்திக்கலாம்க்கா” என்றார்கள், 1,680 வெள்ளி போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சின்னதாகத் தமிழ் டியூஷன் நிலையம் நடத்துகிறேன். அதற்கு ஒரு வெப்சைட் வேண்டுமென்று, மவுஸால் இழுத்துப் போட்டே பக்கம் செய்யலாம் என்று விளம்பரப்படுத்தும் சந்தா சேவை ஒன்றுக்கு இரண்டு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். 1,680 வெள்ளி. விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் வேண்டாம்.

விற்க வந்த தம்பி நன்றாகத் தமிழ் பேசினார். காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, “அக்கா, மவுஸை நீங்களே பிடிங்க” என்றார். தலைப்பை இழுத்தேன், வந்தது. மாதிரி நேர அட்டவணையில் ‘சனி 2.30’ என்ற கட்டத்தைத் தட்டி 4.00 என்று அடித்தேன், மாறியது. “வேர்ட் தெரிஞ்சா போதும்க்கா. எல்லாம் நீங்களே மாத்திக்கலாம், எங்களைக் கூப்பிடவே வேண்டியிருக்காது.” என் கையாலேயே செய்து பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அங்கேயே பேநவ்வில் பணம் போய்விட்டது.

டியூஷன் நடத்துபவர்களுக்குத் தெரியும், வெப்சைட்டில் உயிரே நேர அட்டவணைதான். தொடக்கநிலை 5 எப்போது, பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வகுப்பு எப்போது என்று பார்க்கத்தான் பெற்றோர் வருகிறார்கள். பள்ளித் தவணை மாறும்போதெல்லாம் நேரமும் மாறும். அந்த அட்டவணையை மட்டும் என்னால் தொட முடியவில்லை.

எனக்குக் கொடுத்த திருத்தும் மோடில், இருக்கிற எழுத்தையும் படத்தையும் மாற்றலாம், அவ்வளவுதான். அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறப் பெட்டி. பெற்றோர் பார்ப்பது போலவே பக்கத்தைக் காட்டும் லைவ் மோடுக்குப் போனால் அட்டவணை அழகாகத் தெரிகிறது. ‘சனி 2.30’ஐத் தட்டினால் சுற்றி ஒரு நீலக் கோடு வருகிறது, கர்சர் மட்டும் வரவே இல்லை. விவரங்கள் வேறொரு பட்டியலிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாக, அதாவது பக்கம் திறக்கும்போது ஓடும் சின்ன நிரல் வழியாக, வருகின்றனவாம். அந்தப் பட்டியலைத் திறக்கவும், காப்பிக் கடையில் காட்டிய முழு டிசைன் மோடுக்கும் மேல் பிளான் வேண்டுமாம். இன்னும் 480 வெள்ளி!

புகார் கொடுத்தேன். முதலில் “பிரவுசர்ல சேமிச்சு வச்ச கேஷை கிளியர் பண்ணுங்க”. அப்புறம் “வேற பிரவுசர்ல பாருங்க”. அப்புறம் “இது சாஃப்ட்வேரோட லிமிட்டேஷன்”. கடைசியில் அட்டவணையை ஒரு படமாக எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டேன். கணினிக்கு ஒரு அமைப்பு, கைப்பேசிக்குத் தனி அமைப்பு, ஒன்றில் மாற்றிய படம் மற்றதில் தானாக மாறாது என்று எவரும் சொல்லவில்லை. கைப்பேசியில் பழைய நேரத்தைப் பார்த்த ஒரு பாட்டி, பேரனை மழையில் இழுத்துக்கொண்டு 2.30க்கு வந்து நின்றார். வகுப்பு 4 மணிக்கு. அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

சரி, கோட் மோடில் போய், அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலிலேயே, மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், ஆனால் ஒருமுறை கோடைத் தொட்டால் அந்தப் பக்கம் மறுபடி இழுத்துப் போடும் மோடுக்குத் திரும்பாதாம். பக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்கும் போக முடியாது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது வெப்சைட் செய்யும் வேலையில்தான் இருக்கிறான். வெப்சைட் செய்யும் மென்பொருளான ட்ரீம்வீவரிலும் டிசைன் வியூ ஸ்கிரிப்டை ஓட்டாது, பக்கம் ஏறக்குறைய எப்படி இருக்கும் என்றுதான் காட்டும் என்றான். லைவ் வியூ பிரவுசர் போலவே காட்டும், ஆனால் ஸ்கிரிப்ட் கொண்டுவந்து போட்டதை அங்கே நேராகத் திருத்த முடியாது. எந்த மென்பொருளுக்கும் ஏதோ ஓர் எல்லை இருக்கும் என்கிறான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு மோடைக் காட்டிவிட்டு வேறொரு மோடை விற்றதற்குத்தான் என் சண்டை. 1,680 வெள்ளிக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சாம்பல் பெட்டி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் “மேனேஜர்கிட்ட சொல்றேன்க்கா”. அந்த மேனேஜர் இன்றுவரை லீவில் இருக்கிறார். தம்பியின் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை.

விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், வகுப்புக்கு நேரமாகிவிட்டது. டெமோ காட்டினால், நீங்கள் வாங்கப்போகும் அதே பிளானில் காட்டச் சொல்லுங்கள். அட்டவணை, விலைப்பட்டியல் மாதிரி அடிக்கடி மாறுவதை அவர்கள் எதிரிலேயே மாற்றிப் பாருங்கள், கைப்பேசியிலும். இரண்டு வருடப் பணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள். வாயால் சொன்னதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வியாபாரத்துக்காக வாங்கியதால் பயனீட்டாளர் சங்கத்துக்கு இது பொருந்தாது. சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல் 20,000 வெள்ளி வரை எடுத்துக்கொள்ளும், 2 வருடத்துக்குள் போக வேண்டும். என் 1,680 வெள்ளிக்கு அங்கேதான் போகிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் ரசீதோடு எனக்குத் தனியாக எழுதுங்கள்.