பெட்டி மாதிரியா, தனிநபர் மாதிரியா? எச்ஐவி கணக்கில் நான் எடுத்த முடிவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக முதுகலைக் கணிதம் படிக்கிறேன். ஆய்வுக்கு எச்ஐவி பரவலை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்ட லயத்தில் (வரிசை வீடுகளில்) வளர்ந்த ஓர் அண்ணன் 90-களில் போதை ஊசிப் பழக்கத்தால் எச்ஐவி தொற்றி இறந்துபோனார். வீட்டில் கடைசிவரை காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள்.

நோய் பரவுவதைக் கணக்கிட பெட்டி மாதிரி, தனிநபர் மாதிரி என்று இரண்டு கணித மாதிரிகள் (model) உண்டு. எதில் போடுவது என்று தெரியாமல் இரண்டையும் செய்து பார்த்தேன். கடைசியில் நின்றது பெட்டி மாதிரி. தொற்று இல்லாதவர், தொற்று உள்ளவர், சிகிச்சையில் இருப்பவர் என்று மக்களைப் பிரித்து, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு எந்த வேகத்தில் நகர்கிறார்கள் என்று சமன்பாடு எழுதும் முறை இது. கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1927-இல் போட்ட பாதை. தனிநபர் மாதிரியில் கணினிக்குள் ஒவ்வோர் ஆளையும் தனியாக உருவாக்கி, யார் யாரோடு சேர்கிறார், எப்போது பரிசோதனைக்குப் போகிறார் என்று பகடை உருட்டி ஓட்டுவோம். வேகத்தில் பெட்டிதான் முந்தும், அதில் பேச ஒன்றுமில்லை.

பெட்டி மாதிரியை எல்லோரும் குறை சொல்வது ஒரே இடத்தில்தான்: எல்லோரையும் சராசரியாகப் பார்க்கிறது என்று. குறை நியாயமானதுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. நூறு பேரில் 90 பேருக்கு ஆண்டுக்கு ஒரு பாலுறவுத் துணை, 10 பேருக்கு 11 துணைகள். சராசரி 2. ஓர் உறவில் தொற்றும் வாய்ப்பு 0.1 என்று வைத்தால், ஒருவர் ஆண்டுக்கு 0.2 பேருக்குக் கொடுப்பார். ஐந்து ஆண்டுக்குள் அவரைக் கண்டுபிடித்துச் சிகிச்சையில் சேர்த்தால் பெருக்க எண், அதாவது ஒருவர் மொத்தம் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்ற எண், ஒன்றுக்குக் கீழே போகும், நோய் அடங்கும். ஆனால் துணை அதிகம் உள்ளவருக்குத்தான் தொற்று முதலில் வரும், அவரே அதிகம் பேருக்குக் கொடுப்பார். ஆண்டர்சன், மே என்ற ஆய்வாளர்கள் 80-களிலேயே இதற்குத் திருத்தம் சொல்லிவிட்டார்கள்: சராசரியோடு, மாறுபாட்டை (variance, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவு) சராசரியால் வகுத்துக் கூட்ட வேண்டும். இங்கே மாறுபாடு 9. ஆக 2 அல்ல, 6.5. இப்போது ஐந்து ஆண்டு போதாது, ஒன்றரை ஆண்டுக்குள் பிடித்தாக வேண்டும். பெட்டி மாதிரியைத் தூக்கி எறியாமல், ஒரு பெட்டியைத் துணை குறைந்தவர், அதிகம் உள்ளவர் என்று இரண்டாகப் பிரித்தாலே இந்த உண்மை உள்ளே வந்துவிடுகிறது. நோட்டில் இந்த விடை வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சீக்கிரம் சிகிச்சை தந்தால் பரவலே நிற்கும் என்ற எண்ணத்துக்குப் பெரிய வலு கொடுத்ததும் இந்த வகைக் கணக்குதான். கிரானிச்சும் சக ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்காவை வைத்து அப்படியொரு கணக்கை 2009-இல் வெளியிட்டார்கள். 2011-இல் ஒரு பெரிய மருத்துவச் சோதனை, உடனே சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: பராமரிப்பு. மாதிரியை ஒரு முறை கட்டினால் வேலை முடிந்துவிடாது. நம் நாட்டையே பாருங்கள். முதல் நோயாளி பதிவானது 1986. பிறகு வெகுகாலம் ஊசிதான் முக்கிய வழி, 2002-இல் புதிய பதிவுகள் 6,978. 2005-இல் மெதடோன் (போதைப் பழக்கத்துக்குக் கொடுக்கும் மாற்று மருந்து), 2006-இல் பழைய ஊசிக்குப் புது ஊசி தரும் ஊசி மாற்றுத் திட்டம் வந்தன. அப்புறம் பாலுறவு வழி முந்திவிட்டது. பரவும் வழியே மாறினால் மாதிரியும் மாற வேண்டும். பெட்டி மாதிரியில் இதை ஒரே மாலையில் செய்தேன்: ஒரு பெட்டி கூட்டினேன், இரண்டு எண்களை மாற்றினேன். தனிநபர் மாதிரியில் நாற்பதுக்கு மேல் எண்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் ஆடும். தற்செயல் உள்ளே இருப்பதால் ஒரு மாற்றத்துக்கு இருநூறு தடவை ஓட்டணும். என் பழைய லேப்டாப் விடிய விடிய ஓடியும் முடிக்கவில்லை.

சரி, அந்த நாற்பது எண்கள் எங்கிருந்து வரும்? யார் யாரோடு என்று யாரிடம் கேட்பது? தோட்டத்தை விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தாலும் இங்கே எல்லோரும் மாமன் மச்சான். கேள்வித்தாளோடு ஒருத்தன் வீடு வீடாகப் போனால், கிளினிக்குக்கு வருகிற நாலு பேரும் வராமல் போய்விடுவார்கள். பெட்டி மாதிரி மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடும், யாருடைய பெயரும் அதற்குத் தேவையில்லை. அந்த அண்ணன் வீட்டை நினைத்தால் எனக்கு இது பெரிய விஷயம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சின்ன ஊர் என்றால் தனிநபர் மாதிரிதான் நேர்மையானது. பெட்டி மாதிரி இந்த ஊரில் இந்த ஆண்டு 0.3 பேருக்குத் தொற்று வரும் என்கிறது. நிஜத்தில் வந்தால் ஒருவர், இல்லாவிட்டால் யாருமில்லை. அதனால் என் கணக்கை மாநில அளவோடு நிறுத்திக்கொண்டேன். தொற்று வராமல் முன்கூட்டியே தடுக்கும் பிரெப் மாத்திரையை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதற்கும் தனிநபர் மாதிரி கைகொடுக்கலாம். அதை நான் ஓட்டியது மூன்று மாதம்தான், பெரிய கணினியும் தரவைத் திரட்ட ஆட்களும் உள்ளவர்களின் அனுபவம் வேறாக இருக்கும். யாராவது ஓட்டியிருந்தால் எத்தனை எண்கள் வைத்தீர்கள், அவற்றில் எத்தனை நம் நாட்டுத் தரவிலிருந்து எடுத்தது என்று சொல்லுங்கள்.