ஆரியங்காவு பாலருவி: எப்போது போகலாம், எப்படிக் குளிக்கலாம்

சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயினருவியில் வரிசையில் நின்று, ஒரு நிமிஷம் தலையைக் காட்டிவிட்டு நகர்வதற்குப் பதில், கேரள பார்டரைத் தாண்டிப் பாலருவிக்குப் போய்விடலாம். தென்காசியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் குற்றாலம் மாதிரி நினைத்த நேரத்தில் போய் நினைத்தபடி குளிக்கிற இடம் இல்லை இது. கேரள வனத்துறையின் கையில் இருக்கிற அருவி. டிக்கெட், பஸ், பை சோதனை எல்லாம் அவர்கள் சொல்கிறபடிதான். அதற்கு ஏற்றபடி கிளம்பினால் இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல அரை நாள் வேறு இல்லை.

செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-இல் நேராகப் போகவேண்டியதுதான். தென்காசியிலிருந்து புனலூர், கொல்லம் போகும் பஸ் எதில் ஏறினாலும் பாலருவி விலக்கில் இறங்கலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் புளியரைக்கு மேலே உள்ள எஸ் வளைவில் கவனமாக இருக்கவேண்டும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் அந்த ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து போகும். ஒரு லாரி திணறி நின்றால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்குள் அந்த வளைவைத் தாண்டிவிடுவது நல்லது.

காலை 8 மணிக்குக் கவுண்டர் திறக்கும், மாலை 4 மணியோடு டிக்கெட் நின்றுவிடும். வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏறவேண்டும். காட்டுக்குள் சுமார் 4 கிலோமீட்டர். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் நடை, படிகள். முட்டி வலி உள்ளவர்களும் நிதானமாக ஏறிவிடலாம். சொந்த வண்டியை விடமாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்ததே அந்தப் பஸ்தான். கார் ஹாரனும் ஸ்பீக்கர் பாட்டும் அருவிவரை வருவதில்லை. ஒரே நேரத்தில் உள்ளே இருக்கிற கூட்டத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. அதன் விலை, காத்திருப்பு. விடுமுறை நாளில் போகும்போதும் வரிசை, திரும்பும்போதும் வரிசை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வாசலுக்கு வந்து சேர்ந்தால் குளிக்கிற நேரத்தைவிடப் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்தான் அதிகம். முதல் இரண்டு பஸ்ஸுக்குள் ஏறிவிடுங்கள்.

அருவி 91 மீட்டர், அதாவது 300 அடி. பாறையில் பட்டுப் பட்டுச் சிதறி வெள்ளையாக இறங்கும். குற்றாலம் மெயினருவியில் பொங்குமாக்கடல் என்கிற ஆழமான பள்ளம் நடுவில் தண்ணீரை வாங்கி வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இங்கே அப்படி ஒரு தடுப்பு இல்லை என்று வைத்துக்கொண்டே இறங்கவேண்டும். நேர் அடியில் தலையைக் கொடுக்க ஆசைப்படாதீர்கள். தண்ணீரோடு கூழாங்கல்லும் ஒடிந்த குச்சியும் சேர்ந்து வரும். ஓரத்தில் பிரிந்து விழும் தண்ணீரில் தோளையும் முதுகையும் கொடுத்து நில்லுங்கள். குளித்த சுகத்துக்கு ஒரு குறையும் இருக்காது. பக்கத்திலேயே திருவிதாங்கூர் ராஜாக்கள் காலத்துக் கல்மண்டபமும் குதிரை லாயத்தின் மிச்சமும் நிற்கின்றன. அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாசி பிடித்த அந்தக் கல்தூண்களைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். பாலருவி மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கசிந்து வருகிற காற்றும் தூறலும்தான் தென்காசிப் பக்கம் சாரல். அதனால் நம் பக்கம் வெறும் சாரலாக இருக்கிற நாளில் அங்கே கனமழை கொட்டிக்கொண்டிருக்கலாம். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் தண்ணீர் மிரட்டும். குளிக்கத் தடை போட்டிருப்பார்கள், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். குளிக்கவே போகிறவர்களுக்கு ஆகஸ்ட் பிற்பாதியும் செப்டம்பரும் பொருத்தம். மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆன வேலை நாளாகப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் மெலிந்திருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் அது சபரிமலை சீசன். ஆரியங்காவு ஐயப்பன் கோயில் வாசலில் வண்டிகள் அடைத்து நிற்கும். கோடையில் அருவி வற்றிவிடும், மூடிவிடுவார்கள். ஏப்ரலில் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

தண்ணீர் எந்த நிமிஷத்திலும் ஏறும் என்பதை மறக்கக்கூடாது. மேலே முகட்டில் பெய்கிற மழை கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, பச்சை இலையும் சுள்ளியும் கொத்தாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, துண்டைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். ஊழியர் விசில் அடித்த பிறகு “இன்னும் ஒரு தடவை” என்று உள்ளே போகிற பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

காலில் என்ன போடுவது? ரப்பர் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும், இழுப்பில் கழன்று போகும். பின்பக்கம் வார் உள்ள, அடியில் நல்ல வெட்டு உள்ள சாண்டல் போதும். பாறையில் கறுப்பாகப் பளபளக்கிற இடத்தில் கால் வைக்கவேண்டாம், அது பாசி. சொரசொரப்பான வெளிர் நிறக் கல்லில் வையுங்கள்.

மழை மாதங்களில் அட்டை உண்டு. கணுக்காலில் தேங்காயெண்ணெயில் உப்பைக் குழைத்துத் தடவிக்கொண்டால் சீக்கிரம் ஏறாது. குளித்ததும் கழுவிப்போய்விடும், திரும்பி நடக்கும் முன் மறுபடி தடவவேண்டும். ஏறிவிட்ட அட்டையைப் பிய்த்து இழுத்தால் ரத்தம் நிற்க நேரமாகும். அது ஒட்டியிருக்கிற வாய்ப்பக்கத்தை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் குற்றாலத்து வழக்கத்தை இங்கே கொண்டுவரவேண்டாம். சோப்பு, ஷாம்பு பாக்கெட்டும் வேண்டாம். இந்தத் தண்ணீர் கழுதுருட்டி ஆற்றில் சேர்ந்து கல்லடையாறாகப் போகிறது. கீழே ஊர் ஊராக அதைக் குடிக்கிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய் விரிக்கிற இடமும் இல்லை, குரங்குகள் விடவும் விடாது. போகும்போது வாசல் பக்கத்துக் கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு நிறுத்துவதுதான் சரி. சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும், காட்டுக்குள் போன் சிக்னலை நம்பமுடியாது.

பத்து மணிக்குள் குளித்து முடித்தவர்களுக்கு இன்னும் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது. ஆரியங்காவிலிருந்து தென்மலைப் பக்கம் போனால் கழுதுருட்டியில் பதின்மூன்று கண்ணறைப் பாலம் சாலையோரமாகவே நிற்கிறது. 1904-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டைப் பாதைக்குக் கட்டிய கல்பாலம். இப்போது அகலப்பாதை ரயில் அதன் மேல்தான் போகிறது. படிக்கட்டில் ஏறிப் பார்க்கலாம், தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுக்கக்கூடாது.

இன்னொன்று பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில். திரும்பும் வழியில் செங்கோட்டையிலிருந்து கொஞ்சம் விலகிப் போகவேண்டும். 500க்கு மேற்பட்ட படிகள், முடியாதவர்களுக்கு மேலேவரை தார்ச்சாலை. பச்சை வயல், தென்னந்தோப்பு, குளங்கள், பின்னால் மலைத்தொடர் என்று இந்தச் சீமை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுகிற இடம் வேறு இல்லை. உச்சி நேரத்துக்கு நடை சாத்திவிடுவார்கள், வெறுங்காலுக்குக் கல்லும் சுடும். அதனால் பாலருவியை முடித்துச் சாப்பிட்டு, நாலரை மணிக்கு மேல் படியேறுங்கள்.