கேம்பிரிட்ஜா, களியக்காவிளையா?

பிஎச்டி முடிந்தது, அடுத்து போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு. இனப்பெருக்க மருத்துவத்தின் வரலாறும் தத்துவமும்தான் என்று முடிவாகிவிட்டது, வழிதான் இரண்டு.

ஒன்று சோதனைக்குழாய்க் குழந்தை. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், அதே ஆண்டு அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் துர்கா. லூயிஸ் பிறக்க வழிசெய்த விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் கிடைத்தது. முகர்ஜியை விசாரணைக் குழு நம்பவில்லை, 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். எது சான்று, யார் சொன்னால் அறிவியல் என்கிற கேள்வி இங்கே மனசைப் பிசைகிறது. எட்வர்ட்ஸின் தாள்கள் கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரிக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. விசாவும் நிதியும் கிடைத்தால் சரி.

இன்னொன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் களியக்காவிளைப் பக்கத்து மருத்துவச்சிகள். முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி என்பதால் பழைய கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் பஸ் ஏறணும், மலையாளம் வாசிக்கத் தெரியணும். அப்புறம், பேறு பார்த்த பாட்டிகளின் கைப்பக்குவம் கோப்பில் எங்கே இருக்கப்போகிறது? குழந்தையின் தலை திரும்பிவிட்டதா என்று விரல் நுனியால் வயிற்றைத் தடவிப் பார்க்கும் விதத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தலையணையை மடியில் வைத்து எனக்குச் செய்து காட்டினார், கண்ணை மூடிக்கொண்டு. கேம்பிரிட்ஜ் தாள்கள் பத்து வருஷம் காத்திருக்கும். பாட்டிக்கு வயது 88. நான் பாட்டியிடம்தான் போகிறேன்.