கூடாரத்துக்குள் செவ்வாய்ப் பயணம்: 5 வெள்ளிக்குத் தகும், முதல் 10 நிமிடம் தவிர

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில் பள்ளி விடுமுறையில் நடந்த நடமாடும் கோளரங்கக் காட்சிக்குத் தங்கை பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். காற்றடைத்த கூடாரம், தரையில் பாய், தலைக்கு 5 வெள்ளி (ரிங்கிட்).

செவ்வாய்க்குப் போகும் கலத்துக்கும் மனிதருக்கும் வழியில் நேரக்கூடிய கேடுகளே காட்சியின் பொருள். தொடக்கத்தில் 10 நிமிடம், பாறைக் கூட்டத்துக்குள் கலம் வளைந்து நெளிந்து தப்பிக்கிறது. பிள்ளைகள் கத்தி மகிழ்ந்தார்கள். ஆனால் இது பிழை. விண்பாறைகள் சுற்றிவரும் சிறுகோள் பட்டை இருப்பது செவ்வாய்க்கும் அப்பால், அதையும் பயனியர் 10 விண்கலம் பெரிய சேதமின்றிக் கடந்து 1973இல் வெளியேறிவிட்டது.

கதிர்வீச்சுப் பகுதி வந்ததும் காட்சி நிமிர்ந்து உட்கார்ந்தது. நம் நாட்டு விண்வெளி வீரர் ஷேக் முசாபர் 2007இல் தங்கிய அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் பூமியின் காந்தப்புலம் இன்னும் காவல் நிற்கிறது என்பதில் தொடங்கி, அந்தக் காவலைத் தாண்டிச் செவ்வாய்க்குச் சென்ற கியூரியாசிட்டி கலத்தின் கருவி வழியில் நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) பதிவு செய்தது என்று கொண்டுபோய் நிறுத்தினார்கள். பூமியில் இயற்கையாக நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கே 2.4தான். எடையின்மையில் எலும்பு மாதம் ஏறக்குறைய 1 விழுக்காடு தேய்வதை ஒரே வரியில் கடந்துவிட்டது குறை.

கேள்வி நேரத்தில், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர், “கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும்போது ஈயக் கவசம் மாட்டுகிறார்களே தம்பி, அதைக் கப்பலுக்கும் மாட்டினால் ஆகாதா?” என்று கேட்டார். விளக்குநர் கையிலிருந்த தண்ணீர் போத்தலைத் தூக்கிக் காட்டி, “விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அண்டக்கதிர் ஈயத்தில் மோதினால் சிதறி இன்னும் பல துகள்களைக் கிளப்பிவிடும் பாட்டி, ஹைட்ரஜன் மிகுந்த தண்ணீரும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும்தான் அதற்குத் தோது” என்றார். படத்தில் இல்லாத இந்த விளக்கம்தான் கொடுத்த காசுக்கு ஈடானது.

2002இல் சூரியப் புயலில் மின்சுற்று பழுதாகி, சூடேற்றி நின்று, எரிபொருள் உறைந்துபோன ஜப்பானின் நோசோமி எனும் செவ்வாய்க் கலத்தைப் பற்றியும் அவர் சொன்னார். கூடாரத்தை ஊதிநிறுத்தும் விசிறியின் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை; வெளியே வந்தபின் அவரைப் பிடித்து மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. போகிறவர்கள் விசிறிக்கு எதிர்ப்பக்கம் இடம்பிடிப்பது நல்லது.