பலெர்மோவில் இத்தாலியன் பழகிய ஆறு வருடங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு நான் வந்த புதிதில் அக்கா சொன்ன புத்திமதி, "வேலைக்குப் போ, பாஷை தன்பாட்டில வரும்" என்பதுதான். வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. மற்றப் பாதிக்கு வகுப்பில் போய் இருக்கவேண்டியிருந்தது. எது உதவியது, எதில் நேரம் வீணானது என்று புதிதாக வந்திருக்கிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

முதற்பிழை, இத்தாலியச் சொற்களைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தது. 'பேரே' என்று எழுதியிருப்பேன். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் அது குடிப்பதா, பேரிக்காய்களா என்று விளங்காது. 'பல்' என்பதில் வரும் ப ஒன்று, 'பஸ்' என்பதில் வரும் ப வேறொன்று. அவர்களுக்கு இரண்டும் தனித்தனி எழுத்து. அந்தக் கொப்பியை விட்டுவிட்டு அவர்களுடைய எழுத்திலேயே எழுதத் தொடங்கிய பிறகுதான் சொற்கள் மனதில் நின்றன. எழுத்துக்கூட்டி வாசிக்கச் சில விதிகள் போதும். பொருள் தெரியாவிட்டாலும் கடைப் பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டு நடக்கலாம், நான் அப்படித்தான் நடந்தேன்.

ஆனால் தமிழ் நமக்குக் கைகொடுக்கிற இடங்களும் நிறைய. 'காஸா' என்றால் வீடு, 'காஸ்ஸா' என்றால் கடையில் காசு கட்டுகிற இடம். 'பேனா' என்றால் வேதனை, 'பென்னா' என்றால்தான் பேனை! கனி, கன்னி என்று பிரித்துச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது கஷ்டமே இல்லை. 'பார்லோ' என்றாலே 'கதைக்கிறேன்' என்று வந்துவிடும், நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 'மி பியாச்சே' என்பது அப்படியே நம்முடைய 'எனக்குப் பிடிக்கும்'. 'மி ஸேர்வே' என்பது 'எனக்குத் தேவை'. இதை நான் அறிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை ஆங்கில வழியில் சொல்லித்தருகிற ஒரு செயலியைப் பாவித்து, தமிழில் இருப்பதை ஆங்கிலமாக்கி, பிறகு இத்தாலியனாக்கிக் கொண்டிருந்தேன். நேராகத் தமிழிலிருந்தே போங்கள்.

பொருட்களுக்கு ஆண்பால் பெண்பால் இருப்பதுதான் நமக்குப் புதிது. ஓ-வில் முடிந்தாலும் கை பெண்பால், 'லா மானோ'. ஆ-வில் முடிந்தாலும் பிரச்சினை ஆண்பால், 'இல் ப்ரொப்லேமா'. சொல்லைத் தனியாகப் பாடமாக்காமல் முன்னால் வருகிற 'லா', 'இல்' என்பவற்றோடு சேர்த்தே பாடமாக்குங்கள். நான் ஆங்கி என்ற, அட்டைகளைப் புரட்டிப் பாடமாக்குகிற செயலியில் முன்பக்கத்தில் படத்தைப் போட்டு, பின்பக்கத்தில் 'லா மானோ' என்று முழுதாக எழுதி வைப்பேன். பஸ்ஸில் பத்து நிமிடம், அவ்வளவுதான்.

பல்லாரோ சந்தையில் எண்களும் 'மெட்ஸோ கீலோ'வும் (அரைக் கிலோ) வேகமாக வந்துவிடும். கூடவே இந்தத் தீவின் பேச்சுமொழியான சிசிலியனும் வந்துவிடும். 'அமுனீ' என்றால் 'போவோம்' என்று சந்தையில் பழகி, வகுப்பில் 'அந்தியாமோ' என்று திருத்தப்பட்டேன். நான் பராமரிக்கிற சிஞ்ஞோராவுக்கு (வீட்டு அம்மாவுக்கு) 84 வயது. இன்று காலை செய்ததைக்கூட அவர் 'ஃபேச்சி' என்பார். பாடப் புத்தகத்தில் அதற்கு 'ஓ ஃபாத்தோ'. சிசிலிக்காரர் பேச்சு அப்படித்தான், பிழையில்லை. ஆனால் எழுத்துப் பரீட்சைக்கு மற்றது வேண்டும்.

வகுப்புக்குப் போக உண்மையான காரணம் வேறு. வேலை செய்யும் வீட்டில் எல்லோரும் என்னோடு 'தூ', அதாவது 'நீ' போட்டுக் கதைப்பதால் என் காதில் விழுந்தது அது ஒன்றுதான். டொக்டரிடம் போய் 'ஸ்கூஸி' (மன்னியுங்கள்) என்று சொல்லவேண்டிய இடத்தில் 'ஸ்கூஸா' (மன்னி) என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பின்னர் தெரிந்தபோது எனக்குத்தான் மனம் கூசியது. நாம் பன்மையால் மரியாதை கொடுக்கிறோம். அவர்கள் 'லேய்' என்று, 'அவள்' என்பதற்கான அதே சொல்லால், ஆணுக்கும் மரியாதை கொடுக்கிறார்கள். இதை வீட்டுவேலையில் யாரும் சொல்லித்தரமாட்டார்கள்.

சிபிஐஏ எனப்படும் அரச வளர்ந்தோர் பாடசாலைகள் பல ஊர்களிலும் உண்டு. இலவசம், அல்லது சிறு தொகை. நீண்டகால வதிவிட அனுமதிக்கு இத்தாலியனில் ஏ2 என்கிற அடிப்படை மட்டம் வேண்டும். குடியுரிமைக்கு 2018 முதல் அதற்கு அடுத்த மட்டமான பி1 கேட்கிறார்கள். பி1 பரீட்சைக்கு சியேனா, பெருஜா பல்கலைக்கழகங்களின் சான்றிதழ்கள் செல்லும். கடைசி நேரத்தில் ஓடாமல் வந்த வருடமே பதிந்துகொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாக உதவியது சிஞ்ஞோராவின் ரிவி. அவருக்குக் காது மந்தம். அரச தொலைக்காட்சியான ராயின் அலைவரிசைகளில், தெலெவீதியோ என்கிற எழுத்துச் சேவையில் 777 அடித்தால் பேசுவது எழுத்தாக ஓடும். இரவு எட்டு மணிச் செய்திக்கு அவருக்காகத்தான் அதைப் போட்டேன். காதில் விழுவதும் கண்ணில் ஓடுவதும் ஒன்றாகச் சேர, இரண்டு மாதத்தில் செய்திவாசிப்பவரின் வேகம் எனக்கு வேகமாகப் படவில்லை. இப்போதும் ஒரு சொல் விளங்காவிட்டால் நிறுத்தி அவரிடம் கேட்பேன். அவர் அதை ஆறுதலாக, இரண்டு தரம் சொல்லுவார்.