பழைய கணினியில் ஃபிளைட் சிமுலேட்டர்: 8+8 ராமா, 16+16 ராமா?

வீட்டில் இருப்பது 2018 வாக்கில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஐ5-8400 ப்ராசஸர், எச்310 மதர்போர்டு, 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, டிடிஆர்4 வகை ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) 8 ஜிபி, அதுவும் ஒரே ஸ்டிக், அதாவது ஒரே பலகை. விமானம் ஓட்டும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 இதில் ஓடும். ஆனால் பெரிய விமான நிலையத்தை நெருங்கினால் படம் உறைந்து உறைந்து நகரும். ராம் ஏற்றுவது என்று முடிவானதும் இரண்டு வழிகள் இருந்தன. இருக்கும் 8-க்குத் துணையாக இன்னொரு 8 போட்டு 16 ஆக்கலாம். அல்லது பழையதைக் கழற்றிவிட்டு இரண்டு 16 போட்டு 32 ஆக்கலாம். நான் இரண்டாவதற்குப் போனேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஒரு விதிவிலக்கோடு.

8 ஜிபியிலேயே சமாளிக்கலாமா என்பதைப் பேசவே வேண்டாம். 2020 பதிப்புக்கு 8 குறைந்தபட்சம், 16 பரிந்துரை, 32 இருந்தால் சிறப்பு என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருந்தது. 2024 பதிப்பில் எல்லாம் ஒரு படி ஏறிவிட்டது: 16 குறைந்தபட்சம், 32 பரிந்துரை, 64 சிறப்பு. அப்புறம், சிமுலேட்டர் இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் முதல் செலவு அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்குத்தான், ராமுக்கு அல்ல.

இரண்டு வழியிலும் சமமாகக் கிடைப்பது டூயல் சேனல், அதாவது ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே இரண்டு பாதைகள். ஒற்றை ஸ்டிக்கில் டிடிஆர்4-2666 (2666 என்பது வேகம்) நொடிக்கு ஏறக்குறைய 21 ஜிபி தரவைத்தான் கடத்தும். இரண்டு சேனலிலும் ஒவ்வொரு ஸ்டிக் இருந்தால் அது 42 ஜிபிக்கு மேல் போகும். ஒற்றை 8-இலிருந்து வருபவர்களுக்கு 8+8 போட்டாலே நல்ல மாற்றம் தெரியும், அதை மறைக்க வேண்டியதில்லை.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராம் ஏற்றினால் எஃப்பிஎஸ் எண், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, பெரிதாக ஏறாது. சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் எஃப்பிஎஸ் காட்டும் பெட்டியைத் திறந்து பாருங்கள். நெரிசலான இடங்களில் ‘மெயின் த்ரெட்’ தான் தடை என்று காட்டும். அது ப்ராசஸரின் வேலை. ராம் தீர்த்துவைப்பது படம் உறைந்து உறைந்து நகரும் திக்கலைத்தான். நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும், தேவைப்படும்போது திரும்ப இழுக்கும். அந்த இழுவைதான் திரையில் உறைதலாகத் தெரிகிறது. அதுவும் ஹீத்ரோ, ஜேஎஃப்கே மாதிரி இடங்களில், ஓடுபாதையை நேர்கோட்டில் பிடித்து ஃபிளாப் இறக்கும் நேரத்தில் வரும். கீழே முப்பரிமாண நகரம், எதிரே விமான நிலையம், சுற்றிலும் மற்ற விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறுவது அப்போதுதான். கார்டின் 6 ஜிபி நிரம்பினால் மிச்ச டெக்ஸ்சர்களும் (பரப்புகள் மேல் ஒட்டும் படங்கள்) ராமில்தான் வந்து உட்காரும்.

செஸ்னா 172 எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் சுற்றி வருபவருக்கு 16 போதும். ஃபெனிக்ஸ் ஏ320, பிஎம்டிஜி 737 மாதிரி கனமான விமானங்களை ஓட்டி, பக்கத்தில் மற்றவர்களோடு ஆன்லைனில் பறக்கும் வேட்சிம் இணைப்புக்கு விபைலட், சார்ட் பார்க்க நேவிகிராஃப், கூடவே ஒரு பிரவுசர் என்று திறந்து வைப்பவருக்கு 16 விளிம்பில் நிற்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுகூட அல்ல, ராம் மாட்டும் ஸ்லாட்களின் எண்ணிக்கை. எச்310 சிப்செட்டில் சேனலுக்கு ஒரு ஸ்டிக், ஆக மொத்தம் இரண்டே ஸ்லாட். 8+8 போட்ட அன்றே இரண்டும் நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் ஒரு ஜிபி கூட்ட வேண்டுமென்றாலும் ஏதாவது ஒன்றைக் கழற்றியே ஆக வேண்டும். 32 வேண்டுமென்றால் இரண்டையுமே கழற்ற வேண்டும், புதிதாக வாங்கிய 8 உட்பட. அப்படியானால் இன்று அந்த 8-க்குக் கொடுக்கும் பணம் கொஞ்ச காலத்துக்கான வாடகை மாதிரிதான். 16+16 போட்டால் கழன்று போவது ஏற்கெனவே பயன்பட்டு முடிந்த ஒரே ஒரு 8. நாளைக்கு மதர்போர்டை மாற்றினாலும் டிடிஆர்4 எடுக்கும் போர்டு வரை இந்த 16-கள் கூடவே வரும். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 போர்டுகள், இன்டெல் 12-ஆம் தலைமுறையின் டிடிஆர்4 போர்டுகள் எல்லாம் அதில் அடங்கும். அதனால் 3200 வேக ஸ்டிக்கே வாங்கினேன். இந்தப் போர்டில் அது 2666-க்கு இறங்கித்தான் ஓடும், ஏனென்றால் ஐ5-8400-இன் உச்சம் அவ்வளவுதான். அடுத்த போர்டில் முழு வேகம் கிடைக்கும், விற்றாலும் 3200-ஐத்தான் கேட்பார்கள்.

நான் சொன்ன விதிவிலக்கு இதிலிருந்தே வருகிறது. உங்கள் போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் (பி360 போர்டுகள் பலவற்றில் உண்டு) கணக்கே வேறு. இப்போது 8+8 போடுங்கள், பிறகு மிச்ச இரண்டிலும் இன்னொரு ஜோடி சேர்த்துக்கொள்ளலாம், எதுவும் வீணாகாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பார்க்கலாம்.

விலை ஒரு தடைதான். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்தின் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியதில் 2025 இறுதியில் ராம் விலை நன்றாக ஏறியது. அதே காரணத்தால் பழைய 8-க்கும் முன்பைவிட நல்ல விலை கேட்கலாம். சென்னையில் இருப்பவர்கள் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்துப் பார்க்கலாம். ஒரே தடவையில் முடியாதென்றால் 8+8-ஐவிட எனக்குச் சரியாகப் படுவது 8+16. இன்டெல் போர்டுகள் இதை ஃபிளெக்ஸ் முறையில் ஏற்கும்: முதல் 16 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிச்ச 8 மட்டும் ஒற்றைச் சேனலில். பணம் சேர்ந்ததும் பழைய 8-ஐ எடுத்துவிட்டு அதே மாடலில் இன்னொரு 16. வாங்கிய எதையும் தூக்கிப்போட வேண்டாம். இந்த வழியை நான் நீண்ட நாள் ஓட்டிப் பார்க்கவில்லை. ராம் வேகம் அதிகம் கணக்கில் வரும் ரைசனிலும் எனக்கு அனுபவம் குறைவு.

வேறு சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கு: எக்ஸ்-பிளேன் 12-க்கு 16 முதல் 24 வரை பரிந்துரை, அங்கே 16 அவ்வளவு நெருக்கடி தராது. 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸை மட்டும் ஓட்டினால் இந்தச் செலவே வேண்டாம். அது 32-பிட் மென்பொருள், 4 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது.

மாட்டிய பிறகு கணினி விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் ‘டூயல்’ என்றோ, புதிய பதிப்புகளில் ‘2 x 64-bit’ என்றோ வருகிறதா பாருங்கள். அதிர்வெண் 1333 என்று காட்டினால் பதற வேண்டாம், டிடிஆரில் அதன் இரு மடங்குதான் 2666. பேஜ் ஃபைலை அணைக்காதீர்கள், அளவை விண்டோஸ் பொறுப்பில் விடுங்கள். ஒரு இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். அது பிழையில்லாமல் முடிந்து, உங்களுக்கு எப்போதும் திக்கும் விமான நிலையத்திலும் இறங்கிப் பார்த்த பிறகு பழைய ஸ்டிக்கை விற்றால் போதும்.